ஒரு சொல்லுக்கு என்ன விலை?

(பட்டிமன்றத் தலைப்பு: பெண்ணைப் பற்றிய நம் பார்வையில் மாறியிருப்பது வார்த்தையா? வாழ்க்கையா? ‘வாழ்க்கையே!’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிவிட்டு, கைதட்டலையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! மயிலாப்பூர் வாழ் பெரியோர்களே! ஒரு கண்ணை டி.வி. மேலும் இன்னொரு கண்ணை அடுப்பு மேலும் வைத்துக்கொண்டு இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிற தாய்மார்களே! (அந்த இரண்டாவது கண்ணைப் பற்றித்தான் இன்றைக்குப் பட்டிமன்றமே!)

எதிரணித் தலைவர் ஒரு அழகான உவமை சொன்னார். மாட வீதியிலே ஒரு கடை. அந்தக் காலத்தில் ‘காபி கிளப்’ என்று போர்டு. அப்புறம் ‘ஹோட்டல்’ என்று மாற்றினான். இப்போது ‘ரெஸ்டாரண்ட்’. உள்ளே போனால் அதே பெஞ்சு, அதே காபி. பெண்ணின் கதையும் அதுதான். பெண்டாட்டி என்றோம், மனைவி என்றோம், இல்லத்தரசி என்றோம், இப்போது ‘ஹோம்மேக்கர்’ என்கிறோம். போர்டுதான் மாறுது, கடை மாறலைன்னார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா இருந்தா தட்டணும்; அதிலென்ன கட்சி?

ஆனால் நடுவர் அவர்களே, நான் ஒன்று கேட்கிறேன். கடைக்காரன் போர்டை ஏன் மாற்றுகிறான்? சும்மா இருக்கிற எவனும் பெயின்டரைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க மாட்டான். அதுவும் மயிலாப்பூர்க்காரன்! (சிரிப்பு) பழைய போர்டைப் பார்த்து எவனும் உள்ளே வரலை, அதனால் மாற்றுகிறான். வெளியே தெருவில் போகிற ஆள் மாறிவிட்டான் என்று அர்த்தம். ஒரு சொல் மாறினால், அதைச் சொன்னவர்களோ அதைக் கேட்டுச் சகித்துக்கொண்டவர்களோ மாறிவிட்டார்கள். அது சும்மாவும் மாறுவதில்லைங்க. யாரோ ஒருத்தி விலை கொடுத்திருப்பாள். அந்த விலைப் பட்டியலைத்தான் நான் இந்தச் சபையில் வாசிக்கப் போகிறேன்.

என் வகுப்பில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குத் தொல்காப்பியம். ஆணுக்குப் பெருமையும் உரனும்; பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம் என்று தொல்காப்பியர் வகுத்தார்; பயிர்ப்பு பின்னால் வந்து சேர்ந்து நாலாச்சு. அச்சம் தெரியுமா என்றேன். தெரியும். நாணம்? தெரியும், பழைய சினிமாவிலே பார்த்திருக்கோம். மடம்? வகுப்பே முழிக்குது. ஒரு பொண்ணு மெதுவா எழுந்து, “லஸ் பக்கத்துல இருக்கே, அந்த மடமா மேடம்?” என்றாள். (பலத்த சிரிப்பு) “இல்லம்மா. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கிறது, சொல்லிக் கொடுத்ததைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு விடாம இருக்கிறது, அதுக்குப் பேரு மடம்” என்று விளக்கினேன். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி சொன்னாள்: “அப்ப, மடத்துக்குக் கொம்பு முளைச்சா மேடம் ஆயிடுது இல்லையா மேடம்!” (கைதட்டல், சிரிப்பு) எழுத்தைப் பாருங்கள். ‘ம’ முன்னாலே ஒரு இரட்டைக் கொம்பு. அவ்வளவுதான் வித்தியாசம். முப்பது வருஷமாக இலக்கணம் நடத்துகிறேன், எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது பயிர்ப்பு. கணவன் அல்லாத வேறொருவர் மேலே பட்டால் வருகிற அருவருப்பு என்று உரை சொல்வார்கள். சொல்லி முடிக்கவில்லை. முன் வரிசையில், அதிகம் பேசாத ஒரு பெண். “அது 29சி பஸ்ஸில எங்களுக்குத் தினமும் வருது மேடம்” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

இந்த 29சி-யிலேயே இருங்கள். திரும்ப இங்கே வருகிறேன்.

எதிரணித் தம்பி ஒருவர் பேசும்போது, பேர் புதுசா இருந்தால் உள்ளே சரக்கும் புதுசுன்னு நம்பாதீங்க என்றார். நியாயம். அதைத் திருப்பிப் போட்டாலும் நியாயம்தானே? பேர் பழசாக இருந்து சரக்கு புதுசாக இருந்தால்? அடையாறிலே 1917-ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கம் தொடங்கினார்கள். அன்னி பெசன்ட் தலைமை. மார்கரெட் கசின்ஸ் போன்றவர்கள் உழைத்தார்கள். அவர்கள் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பேர் என்ன தெரியுமா? ‘ஸ்திரீ தர்மம்’. பேரைக் கேட்டால் என்ன தோணும்? விடியற்காலை எழுந்திரு, வாசல் தெளி, கணவன் காலைத் தொட்டுக் கும்பிடு என்று எழுதியிருப்பார்கள் என்று தோணும். உள்ளே பிரித்தால், பெண்ணுக்கு ஓட்டு கொடு என்று இருக்கும்! 1921-இல் சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது, இந்திய மாகாணங்களிலேயே முதலில். 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் போய் உட்கார்ந்தார். பழைய பாத்திரத்திலேயே புது சாம்பார் கொதிச்சிருக்கு. எதிரணி பாத்திரத்தை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சினிமாவுக்கு வருகிறேன். நாளுக்கு நாள் சினிமா முன்னேறிக்கொண்டே வந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 1939-இல் ‘தியாக பூமி’ என்று ஒரு படம். கல்கி எழுதிய கதை, ஆனந்த விகடனில் படத்தின் ஸ்டில்களோடு தொடராக வந்தது, கே. சுப்ரமணியம் இயக்கினார். அதிலே சாவித்திரி என்று ஒரு பெண். கணவன் துரத்தி விடுகிறான். பிறகு அவளுக்குச் சொத்து வருகிறது. உடனே அந்த மகானுபாவன் கோர்ட்டுக்குப் போகிறான், “என் மனைவி என்னோடு வந்து வாழ வேண்டும்” என்று! அவள் என்ன சொல்கிறாள்? வர முடியாது என்கிறாள். அதோடு விட்டாளா? வேண்டுமானால் அவருக்கு ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள்! (கைதட்டல்) ஐயா, வருஷத்தைக் கவனியுங்கள். 1939! இன்றைக்கும் ஒரு பெண் குடும்ப நீதிமன்றத்தில் இப்படிச் சொன்னால் நாளைக்கு அது தலைப்புச் செய்தி. அந்தப் படத்தை வெள்ளைக்கார அரசாங்கம் பின்னால் தடை செய்தது. தடை செய்தது சாவித்திரிக்காக இல்லை, அதில் இருந்த காந்திக்காக. சாவித்திரியை அவன் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது!

சரி, பெயர் சாவித்திரி. எமனிடம் வாதாடிப் புருஷனை மீட்டு வந்தவள் பேரை வைத்துக்கொண்டு, இவள் புருஷனிடமிருந்து தன்னை மீட்டுக்கொள்ள வாதாடினாள். இப்படி ஆரம்பித்த நம்ம சினிமா, பதினாறு வருஷம் கழித்து 1955-இல் என்ன தலைப்பு வைத்தது? ‘கணவனே கண் கண்ட தெய்வம்’. 1957-இல்? ‘மணாளனே மங்கையின் பாக்கியம்’. அதே வருஷம் ‘கற்புக்கரசி’. 1958-இல் ‘பதிபக்தி’. நல்ல நல்ல பாட்டு உள்ள படங்கள், நான் குறை சொல்லவில்லை; எங்கம்மா இன்றைக்கும் முணுமுணுப்பார். ஆனால் தலைப்பை மட்டும் வரிசையாகப் படியுங்கள். சுதந்திரத்துக்கு முன்னால் கோர்ட்டில் நிமிர்ந்து நின்றவள், சுதந்திரம் வந்த பிறகு பூஜை அறைக்குள் போய்விட்டாள்! எதிரணிக்கு இது சாதகமான செய்தியாச்சே, இந்தம்மா ஏன் சொல்லுதுன்னு என் அணித் தோழர் முறைக்கிறார். காரணமாகத்தான் சொல்கிறேன். வெளியே வாழ்க்கை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1955-56-இல் இந்துத் திருமணச் சட்டம் வருகிறது, விவாகரத்து உரிமை வருகிறது, சொத்தில் பங்கு வருகிறது. பெண்கள் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறார்கள். கால் வாசலைத் தாண்டினால்தானே “உள்ளே வா, உள்ளே வா” என்று கூப்பிடத் தோணும்? வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனையை யாராவது கூப்பிடுவார்களா? அந்தத் தலைப்புகளை நான் அப்படித்தான் படிக்கிறேன். அது பயத்தில் வைத்த பேர்.

மொழி எங்கே சுடும் தெரியுமா, நடுவர் அவர்களே? “கெட்டுப் போச்சு” என்று ஒரு சொல் இருக்கிறது. பால் கெட்டுப் போச்சு என்கிறோம். தோசை மாவு கெட்டுப் போச்சு என்கிறோம். அதே வாயாலே ஒரு பெண்ணை, “அவ கெட்டுப் போனவ” என்கிறோம். 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். மழை. கல்லூரி பஸ் ஸ்டாப். காரில் வந்தவன் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிறான். அறியாப் பெண். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுகிறாள். அந்த அம்மா ஒரு விதவைத் தாய். முதலில் அடிக்கிறாள். பிறகு மகளைக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். இவ்வளவுதான் கதை. ஊரே கொந்தளித்தது. அதெப்படி ஒரு குடம் தண்ணீரில் போகும் என்று கேட்டார்கள். காரில் வந்தவன் குளித்தானா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை! (கைதட்டல்) பிறகு ஜெயகாந்தனே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு முழு நாவல் எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசு. 1977-இல் படமாகவும் வந்தது.

அன்றைக்குப் பத்திரிகைகளில் இந்தக் குற்றத்துக்கு என்ன பேர் போட்டார்கள்? குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சி, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘கற்பழிப்பு’ என்று போட்டார்கள். இலக்கண வாத்தியாராகப் பிரிக்கிறேன், கேளுங்கள். கற்பு, அழிப்பு. அழிந்தது யாருடையது? அவளுடையது. நாளைக்கு அவள் எப்படி வாழ்வாள்? கற்பு அழிந்தவளாக. குற்றம் செய்தவன் அந்தச் சொல்லுக்குள் எங்கேயாவது இருக்கிறானா? இன்றைக்குப் பேப்பர் எடுத்துப் பாருங்கள். ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதுகிறார்கள். வன்கொடுமை என்றால் செய்தவன் ஒருவன் வேண்டும். ஒரு சொல் மாறியதில் அவள் வெளியே வந்தாள், அவன் உள்ளே போனான். வார்த்தைதானே என்று எதிரணி சொல்லலாம். போலீஸ் ஸ்டேஷன் படியேறி, எழுத்தர் முன்னால் நின்று, முதல் வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய பெண்ணைக் கேளுங்கள், அது வெறும் வார்த்தையா என்று.

இப்போது அந்த 29சி பஸ்ஸுக்கு வருகிறேன். அதில் தினமும் நடப்பதற்கு முன்பெல்லாம் ஒரு செல்லப் பேர் இருந்தது. ‘ஈவ் டீசிங்’. அழகான பேர், இல்லையா? ஐஸ்கிரீம் பேர் மாதிரி இருக்கிறது! ஈவ் என்றால் ஏவாள். ஏவாளைச் சீண்டுவது. பேரிலே ஏவாள் இருக்கிறாள். சீண்டுகிற ஆதாமைக் காணோம்! எழுவாய் இல்லாத வாக்கியம். தமிழில் நாம் கேலி என்றோம், கிண்டல் என்றோம், “வயசுப் பசங்க, ஏதோ விளையாட்டு” என்றோம். சினிமாவில் அதுதான் காதலுக்கு முதல் படி. கதாநாயகன் பஸ் ஸ்டாப்பில் அவள் புத்தகத்தைப் பிடுங்குவான், சுற்றிச் சுற்றிப் பாடுவான். நாலாவது ரீலில் அவள் திட்டுவாள். எட்டாவது ரீலில் சுவிட்சர்லாந்தில் டூயட். (சிரிப்பு) ஆயிரம் பையன்கள் பார்த்தார்கள். திட்டு வாங்கினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று நினைத்தார்கள்.

1998 ஜூலை. நான் கல்லூரி வேலையில் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. எழும்பூரில், எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர். ஆட்டோவில் வந்த இளைஞர் கூட்டம். அவர்கள் செய்த சேட்டையில் அந்தப் பெண் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு, சில நாளில் இறந்து போனார். சென்னையில் பெண் பிள்ளை பெற்ற ஒரு வீட்டிலும் அந்த வாரம் சரியாகச் சோறு இறங்கவில்லை. மாணவிகள் தெருவுக்கு வந்தார்கள். அதே 1998-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டத்தின் பேர் என்ன? ‘ஈவ் டீசிங் தடைச் சட்டம்’. ஒரு உயிர் போயிருக்கிறது, அப்போதும் பேர் ‘டீசிங்’தான்! சீண்டல்! நாலு வருஷம் கழித்து, 2002-இல், பேரை மாற்றினார்கள். ‘பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம்’ என்று. டீசிங் போச்சு, துன்புறுத்தல் வந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே ஒரு கையேடு வெளியிட்டது. தீர்ப்புகளில், மனுக்களில் எந்தச் சொல்லை விட வேண்டும், அதற்குப் பதில் எதை எழுத வேண்டும் என்று பட்டியல். ‘ஈவ் டீசிங்’ என்று எழுதாதே, தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்று எழுது. ‘கற்புள்ள பெண்’ என்று எழுதாதே, ‘பெண்’ என்று எழுது, போதும். ‘கடமை தவறாத மனைவி’ வேண்டாம், ‘மனைவி’ போதும். நீதிபதிகள் உட்கார்ந்து அகராதி திருத்தியிருக்கிறார்கள் ஐயா! பொழுது போகாமலா செய்வார்கள்? ஒரு சொல் தீர்ப்பையே சாய்க்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு பெண் உயிரைக் கொடுத்து, ஒரு சட்டத்தின் பேரில் ஒரு சொல் மாறியிருக்கிறது. போர்டு மாறிடுச்சு, கடை மாறலை என்று அந்தத் தாய் முன்னால் போய் நம்மால் சொல்ல முடியுமா?

(சற்று நேரம் அமைதி, பிறகு கைதட்டல்)

சரி, கனமாகிவிட்டது. வீட்டுக்குள்ளே போவோம். அங்கே மட்டும் என்ன லேசா? எதிரணித் தலைவர் ‘இல்லத்தரசி’ என்ற சொல்லைக் கிண்டல் பண்ணினார். கஜானா சாவி இல்லாத அரசி, படையெடுப்பெல்லாம் கரப்பான் பூச்சி மேலதான் என்றார். நல்ல நகைச்சுவை. அவருடைய இல்லத்தரசி முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், நான் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கு ராத்திரி எந்த நாட்டின் மேல் படையெடுப்பு என்று எனக்குத் தெரியும்! (பலத்த சிரிப்பு)

எனக்கு இல்லத்தரசியை விட எரிச்சல் தருகிற சொல் வேறு ஒன்று. ‘ஹெல்ப்’. “எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவருங்க, எனக்குச் சமையல்ல ஹெல்ப் பண்ணுவார்.” யாருக்கு உதவி? எனக்கு. அப்படியானால் வேலை யாருடையது? என்னுடையது. சாப்பிடுகிறது மட்டும் ரெண்டு பேரும்! அவர் வெங்காயம் நறுக்கிக் கொடுத்தால் அது உதவி. நான் முப்பது வருஷம் நறுக்கினால் அது சமையல். அதிலும் ஒரு நாள் நறுக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து “முடிச்சிட்டேன்” என்று நிற்பார் பாருங்கள், கார்கில் போரிலிருந்து திரும்பியவர் மாதிரி! இந்தச் சொல் மாறவில்லை. ஒத்துக்கொள்கிறேன். 2019-இல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் இறங்கிய ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். எதிரணிக்கு இந்தக் கணக்கை இலவசமாகத் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டீர்களா? இப்போது மீதியைக் கேளுங்கள். அந்த மாதிரி நாடு முழுவதும் அளந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அளக்கணும் என்று தோன்றியதே, அது வாழ்க்கை மாறியதாலே. “சும்மாதான் இருக்கா வீட்டுல” என்று சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் யார் அளந்தார்கள்? ‘சும்மா’வை எந்தக் கடிகாரத்தில் அளப்பது? இந்த 299-ஐயும் 97-ஐயும் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் எடுத்துக் காட்டி, வீட்டில் வேலை செய்கிற பெண்ணின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று பேசியது. 2023 ஜூனில் நம்ம சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. கணவர் சவுதியில் சம்பாதித்தார். மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு? அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது, அதனால் அவளுக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பு. அரசிக்குக் கஜானாவில் பாதி வந்துவிட்டது ஐயா! (கைதட்டல்) அதே 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டுக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. நான் அரசியல் பேசவில்லை; நான் தமிழ் வாத்தியார், பேரைத்தான் பார்க்கிறேன். உதவித் தொகை என்று வைக்கவில்லை. ‘உரிமைத் தொகை’. அதற்கு முந்தைய வருஷம்தான் ஒரு அமைச்சர் மேடையிலே, பெண்கள் பஸ்ஸில் ‘ஓசி’யில் போவதாகச் சொல்லப் போய், பெரிய சர்ச்சை ஆனது. பாட்டிகளே கோபப்பட்டார்கள். இருபது வருஷம் முன்னால் ‘ஓசி’ என்ற சொல்லுக்கு ஒரு பாட்டி கோபப்பட்டிருப்பாரா? “ஏதோ மகராசன் குடுத்தான்” என்றிருப்பார்.

சீரியல் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தத் தொலைக்காட்சியே என்னை மன்னிக்காது. எல்லா சீரியலும் மாமியார் மருமகள் சண்டைதான், எதுவும் மாறலைன்னு எதிரணி அம்மையார் சொன்னார். அம்மா, ஒரே ஒரு இயக்குநரை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்செல்வம். 2003-இல் ‘கோலங்கள்’ தொடங்கினார். அபி என்கிற பெண் கட்டடக் கம்பெனி நடத்துவாள். 2022-இல் அவரே ‘எதிர்நீச்சல்’ எடுத்தார். அதில் படித்த மருமகள்கள் அடுப்படிக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். கம்பெனி நடத்தியவள் சமையலறைக்குள் போய்விட்டாளே, பின்னாலதானே போயிருக்கு என்று கேட்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கோலங்களில் நாம் அபிக்காக அழுதோம். எதிர்நீச்சலில் குணசேகரனைப் பார்த்து வீட்டிலே இருக்கிற ஆம்பளைங்க நெளிந்தார்கள். எத்தனை வீட்டில், “உங்க மாதிரியே பேசுறான் பாருங்க” என்று மனைவி சொன்னாள்! அதிலே நடித்த மாரிமுத்து 2023-இல் காலமானபோது, தினமும் அவரைத் திட்டிக்கொண்டிருந்த பெண்களே கண் கலங்கினார்கள். பாதிக்கப்பட்டவளைக் காட்டி அழ வைப்பது சுலபம். செய்கிறவன் முன்னால் கண்ணாடி பிடிப்பதுதான் கஷ்டம்.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டாங்க. ஒரே ஒரு நிமிஷம், நடுவர் அவர்களே. தி. நகரைச் சொல்லாமல் போக முடியாது.

ரங்கநாதன் தெரு. தீபாவளிக்கு நாமெல்லாம் போகிற இடம். விளம்பரத்தில் பட்டுப் புடவை கட்டிய பெண் மகாலட்சுமி மாதிரி இறங்கி வருவாள். கடைக்குள் போனால், அந்தப் புடவையை எடுத்துப் போடுகிற பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பாள். நாம் நாற்பது புடவை பிரித்துப் பார்த்துவிட்டு, “கலர் சரியில்லை” என்று எழுந்து போவோம். அவள் நின்றுகொண்டே மடிப்பாள். 2010-இல் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ என்று படம் எடுத்துக் காட்டினார். அதுவரைக்கும் அந்தப் பெண்ணின் காலை நாம் பார்த்ததே இல்லை. கவுன்டருக்கு மேலே தெரிகிற முகத்தை மட்டும்தான் பார்த்தோம். கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் உட்கார இடம் கேட்டு வருஷக்கணக்கில் போராடி, 2018-இல் அங்கே சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அந்தத் திருத்தம் நிறைவேறியது. கடையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று. ‘உட்காரும் உரிமை’ என்று பத்திரிகைகள் எழுதின. தமிழில் எத்தனையோ உரிமையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். உட்காருவதை உரிமை என்று சொல்ல வேண்டி வந்தது இப்போதுதான்.

எதிரணித் தலைவர் அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க தி. நகர் போகிறேன் என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா, போனால் எனக்காக ஒன்று செய்யுங்கள். கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால், அந்தப் பெண் அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் என்ன சொல்கிறார் என்று ஐந்து நிமிஷம் நின்று கவனியுங்கள். இல்லை என்றால், பில் போடுவதற்கு முன்னால் முதலாளியிடம் கேளுங்கள், “இந்தப் பொண்ணுக்கு ஸ்டூல் எங்கே?” என்று. நீங்கள் வாங்கப் போகிறது கல்யாணப் புடவை; நிச்சயம் பதில் சொல்வார்.



(பலத்த கைதட்டல்)